குளிர்காலத்தில் மின்காரில் ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கலுக்குப் பேர்கனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதற்காக ஒஸ்லோவிலிருந்து வெளிக்கிட்டோம். மின்கார் வாங்கி ஐந்து மாதம். கோடையில் எந்தக் கஷ்டமும் தராத கார். வழியில் கோல் என்ற ஊரில் இருபது நிமிடம் மட்டும் சார்ஜ் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். யைலோவைத் தாண்டும்போது பற்றரியில் 38 வீதம் இருந்தது. அடுத்த சார்ஜர் எய்ட்ஃபியோர்டில், 90 கிலோமீற்றர் தூரத்தில். போதும் என்று நினைத்தேன்.

ஹௌகஸ்தோலுக்கு ஏறி வந்தபோது 26 வீதம். அங்கே வீதித் தடை இறங்கியிருந்தது. மலைமேல் புயல். வாகனங்களை வரிசையாக அழைத்துப் போவார்கள், காத்திருங்கள் என்றார்கள். பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள், வெளியே கழித்தல் 14 பாகை, ஹீற்றரை நிறுத்த முடியாது. இரண்டரை மணித்தியாலம் போனபோது 16 வீதம். பிறகு பாதையை முழுதாக மூடிவிட்டார்கள். இருட்டில் யைலோவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது திரையில் 8 வீதம், சார்ஜருக்கு முன்னால் ஒன்பது கார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு இதே பயணத்தைக் குளிர்காலத்தில் நான்கு தடவை பிரச்சினையில்லாமல் செய்திருக்கிறேன். மாறியது ஒரு கணக்குத்தான். போய்ச் சேர எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நடுவில் சில மணித்தியாலம் நின்று, பிறகு வந்த வழியே திரும்ப எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிறேன். கீழே உள்ள எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

1. முதலில் பாதையைத் தெரிவு செய்யுங்கள்

கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக மலையைக் கடந்தே ஆகவேண்டும். உங்களுக்கு முக்கியமான வழிகள் மூன்று.

ரிக்ஸ்வை 7 (ரிக்ஸ்வை என்றால் தேசிய வீதி): கோல், யைலோ வழியாக ஹார்டாங்கர்வித்தா மேட்டுநிலத்தைக் கடக்கும். தூரம் குறைவு, சுமார் 465 கிலோமீற்றர். ஆனால் ஏறத்தாழ 1250 மீற்றர் உயரத்தில் ஒரு மரமும் இல்லாத வெட்டவெளியில் ஓடுகிறது. காற்று அடித்தால் முதலில் மூடுவது இந்தப் பாதையைத்தான்.

ரிக்ஸ்வை 52: கோல் வரை அதே வழி. பிறகு ஹெம்சேடால் மலையைக் கடந்து போர்லௌகில் ஈ16 உடன் சேரும். இதுவும் 1100 மீற்றருக்கு மேல் ஏறும். ஆனால் திறந்த மலைப்பகுதி குறைவு.

ஈ16: ஃபாகர்னெஸ், ஃபிலஃபியெல் வழியாக லார்டாலுக்கு இறங்கும். தூரம் அதிகம், சுமார் 500 கிலோமீற்றரைத் தாண்டும். ஆனால் மூன்றிலும் குளிர்காலத்தில் மிகக் குறைவாக மூடப்படுவது இதுதான்.

முதல் தடவை குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் ஈ16. கூகுள் வரைபடம் ரிக்ஸ்வை 7ஐக் காட்டி அரை மணித்தியாலம் மிச்சம் என்று சொல்லும். அதைக் கேட்காதீர்கள்.

போவதற்கு முதல் நாள் மாலையும் புறப்படும் காலையும் நோர்வே வீதி அதிகாரசபையான ஸ்டாட்டன்ஸ் வெய்வேசனின் போக்குவரத்துச் செயலியில் உங்கள் மலைப்பாதையைப் பாருங்கள். 175க்கு அழைத்தும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் பதில் சொல்வார்கள். வானிலையில் பனி எவ்வளவு என்பதைவிடக் காற்று எவ்வளவு என்று பாருங்கள். பாதையை மூட வைப்பது பெரும்பாலும் விழுகிற பனியல்ல, காற்றுக் கிளப்பும் பனி.

2. உங்கள் காரின் குளிர்காலத் தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

விற்பனைத் தாளில் உள்ள தூரத்தை மறந்துவிடுங்கள். நோர்வே வாகன ஓட்டிகள் சங்கமான நாஃப் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒஸ்லோவிலிருந்து மலைப்பக்கமாகப் பல கார்களை பற்றரி தீரும்வரை ஓட்டிப் பார்க்கிறது. 2024 சோதனையில் தாளில் 629 கிலோமீற்றர் போட்டிருந்த டெஸ்லா மொடல் 3, 441 கிலோமீற்றரில் நின்றது. அன்று குளிர் பெரிதாக இல்லை, கழித்தல் 10 வரைதான்.

கணக்கு இப்படி. ஒரு கிலோவாற் மணி என்பது ஊரில் மின்சாரப் பில்லில் வரும் ஒரு யூனிற். என் கார் கோடையில் 100 கிலோமீற்றருக்கு 16 யூனிற் குடிக்கும். குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் 23, 24. மலை ஏற்றத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 30. பயன்படுத்தக்கூடிய பற்றரி 58 யூனிற். முழுச் சார்ஜில் ஏறத்தாழ 240 கிலோமீற்றர் ஓடலாம், ஆனால் யாரும் பூச்சியம்வரை ஓட்டுவதில்லை. 80 வீதத்திலிருந்து 15 வீதம்வரை என்றால் 155 கிலோமீற்றர்தான். ஆகவே 150 கிலோமீற்றருக்கு ஒரு தரிப்பு என்று எண்ணிக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இனி நின்று காத்திருக்கும் கணக்கு. உள்ளே 20 பாகை வைத்திருக்க, கழித்தல் 10, 15 பாகையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 யூனிற் போகும். குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீற் பம்ப் உள்ள கார்களுக்குக் குறையும். நான்கு மணித்தியாலம் காத்திருக்க நேர்ந்தால் 10, 12 யூனிற். என் காரில் அது பற்றரியில் 20 வீதம். மலைக்கு ஏறும் முன் கடைசிச் சார்ஜரை விட்டுப் புறப்படும்போது இந்த 20 வீதம் தனியாக இருக்கவேண்டும். திரும்பி அதே சார்ஜருக்கு வரும் தூரத்துக்கும் தனியாக வேண்டும்.

3. பத்திரங்களும் செயலிகளும்: இரண்டு கிழமைக்கு முன்பே

சாரதி அனுமதிப் பத்திரம்: இலங்கை, இந்தியப் பத்திரத்தோடு புதிதாகக் குடியேறியவர்கள் கவனம். நோர்வேயில் குடியேறிய பிறகு அது 3 மாதத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஓட்டினால் விபத்து நேரும்போது காப்புறுதியும் சிக்கலாகிவிடும். நோர்வேப் பத்திரத்துக்கான பயிற்சியில் வழுக்கும் தரையில் ஓட்டும் பாடம் கட்டாயம். அதைச் செய்யாமல் மலைக்குப் போகவேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

காப்புறுதி: உங்கள் ஒப்பந்தத்தில் வீதி உதவி இருக்கிறதா, பற்றரி தீர்ந்து நின்றாலும் அது பொருந்துமா என்று வாசித்துப் பாருங்கள். சிலவற்றில் அருகிலுள்ள சார்ஜர்வரை இழுத்துப் போவார்கள், சிலவற்றில் அதற்குத் தனிக்காசு. உதவி இலக்கத்தை போனில் சேமித்து வையுங்கள்.

வீதிக் கட்டணம்: ஔட்டோபாஸ் ஒப்பந்தமும் கண்ணாடியில் ஒட்டும் சிப்பும் இருக்கட்டும். மின்கார்களுக்குக் கட்டணம் குறைவு.

சார்ஜ் போடுவதற்கான கணக்கு: என்னைப் போலப் பலர் சறுக்குவது இதில்தான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி. ரீசார்ஜ், மேர், ஏவினி, கோப்ல, சேர்க்கிள் கே, டெஸ்லா என்று இந்தப் பாதையில் எல்லாம் வரும். கழித்தல் 15 பாகையில் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கோடு சிக்னலில் புதிய செயலியை இறக்கி, வங்கி அட்டை இலக்கம் தட்டி, வங்கி அனுமதிக்காகக் காத்திருப்பது எவ்வளவு வேதனை என்று பட்டால்தான் தெரியும். வீட்டில், சோபாவில் இருந்து எல்லாவற்றையும் திறந்து அட்டையைச் சேர்த்து வையுங்கள். லாடபிரிக்க எனப்படும் சின்னச் சார்ஜ் வில்லை ஒன்றும் வாங்குங்கள். மின்கார் சங்கத்தில் சேர்ந்தால் தபாலில் வரும். வில்லை வந்துவிட்டால் போதாது, அதன் இலக்கத்தை ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாகப் பதியவேண்டும். பதிந்த பிறகு உங்கள் ஊர்ச் சார்ஜர் ஒன்றில் ஒரு நிமிடமாவது போட்டுப் பாருங்கள். 2023 நடுப்பகுதிக்குப் பிறகு வைத்த புதிய வேகச் சார்ஜர்களில் வங்கி அட்டையால் நேரடியாகவும் கட்டலாம், ஆனால் பழையவை இன்னும் நிறைய இருக்கின்றன.

4. ரயர்

குளிர்கால ரயரின் தவாளிப்பு குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்கவேண்டும், அது சட்டம். மலைக்குப் போகிறவர்கள் 5க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆணி ரயரா ஆணியில்லாததா என்ற கேள்விக்கு என் பதில்: நல்ல, புதிய ஆணியில்லாத ரயர் போதும், பழக்கம் குறைந்தவர்களுக்கு ஆணி ரயர் நல்லது. ஆணி ரயரைத் தென்பகுதிகளில் நவம்பர் 1இலிருந்துதான் போடலாம். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் அதற்குக் கட்டணமும் உண்டு, நாள் கட்டணமாகவும் கட்டலாம். குளிரில் காற்றழுத்தம் குறையும். 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ 0.1 பார் இறங்கும். புறப்படும் நாள் காலையில் அளந்து நிரப்புங்கள்.

5. காரில் ஏற்றவேண்டியவை

சட்டப்படி பிரதிபலிப்பு அங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் வேண்டும். அங்கி டிக்கியில் அல்ல, சாரதியின் கை எட்டும் இடத்தில். மற்றவை: பனி அள்ளும் சவள், இழுக்கும் கயிறு, ரோச் லைற், ஆளுக்கொரு கம்பளி, தடித்த காலுறை, சப்பாத்து, போன் சார்ஜ் பண்ணும் பவர் பாங்க், கழித்தல் 30 பாகைவரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம், பனி சுரண்டி.

கயிறு பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான மின்கார்களைச் சில்லு உருள இழுத்துக்கொண்டு போகக்கூடாது, மோட்டர் கெட்டுவிடும். பனிக்குள் புதைந்த காரைச் சில மீற்றர் வெளியே எடுக்க மட்டும் கயிறு. அதற்கு மேல் என்றால் முழுதாக ஏற்றிக்கொண்டு போகும் லொறிதான். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று வீட்டு வாசலில் ஒருதரம் செய்து பாருங்கள்.

சாப்பாடு கட்டாயம். மலைப்பகுதியில் கடைகள் மூடியிருக்கும். நாங்கள் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி, இன்னொன்றில் சுடுதண்ணி எடுப்போம். காத்திருக்கும்போது பிள்ளைகளைச் சமாளிக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. இன்னொன்று: பிள்ளைகளைத் தடித்த ஜக்கெற்றோடு பட்டியில் கட்டாதீர்கள், மோதினால் பட்டி தொளதொளத்துவிடும். கட்டிவிட்டு மேலே ஜக்கெற்றைப் போர்த்துங்கள்.

பழைய 12 வோல்ற் பற்றரியையும் கராஜில் சோதிக்கச் சொல்லுங்கள். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் இந்தச் சின்னப் பற்றரி குளிரில் செத்தால் கதவுகூடத் திறக்காது.

6. முதல் நாள் இரவும் புறப்படும் காலையும்

வழக்கமாக 80 வீதத்தில் நிறுத்துகிறவர்கள் இன்றைக்கு 100 வீதம் போடுங்கள். ஆனால் மாலையிலேயே நிறைந்துவிடாமல், புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் முடியும்படி நேரம் குறித்து வையுங்கள். அப்போது பற்றரி சூட்டோடு இருக்கும். வயரைக் கழற்றுவதற்கு அரை மணித்தியாலம் முன் காரின் செயலியில் உள்வெப்பத்தையும் போடுங்கள். உறைந்த காரைச் சூடாக்கும் யூனிற்றை வீட்டு மின்சாரமே கொடுத்துவிடும்.

கூரைப் பனியை முழுதாகத் தள்ளுங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, கமரா, ரேடார் இருக்கும் இடம் எல்லாம் துடையுங்கள். புதிய எல்ஈடி விளக்குகள் சூடாகாது, ஆகவே அவற்றில் ஒட்டும் பனி தானாக உருகாது. ஒவ்வொரு தரிப்பிலும் இதைச் செய்யவேண்டும்.

நேரம்: ஜனவரியில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 9 மணியிலிருந்து பின்னேரம் 4 மணிக்குச் சற்று முன்வரைதான். மலையை அந்த வெளிச்சத்தில் கடக்கவேண்டும். நாங்கள் காலை 6.30க்கு வெளிக்கிடுவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்படவேண்டாம், ஒஸ்லோ முழுவதும் மலைக்குடில்களுக்குப் போகும் நேரம் அது. வருடத்தின் எட்டாம் கிழமை ஒஸ்லோ பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் கிழமை பேர்கன் பிள்ளைகளுக்கும் குளிர்கால விடுமுறை. அந்தக் கிழமைகளின் முதல் நாளும் கடைசி நாளும் சார்ஜருக்கு வரிசை நிற்கும்.

7. எங்கே, எவ்வளவு சார்ஜ்

காரின் சொந்த வழிகாட்டியில் சார்ஜரையே போகும் இடமாகக் குறியுங்கள். அப்போதுதான் பல கார்கள் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கும். போனில் வரைபடம் வைத்து ஓட்டினால் காருக்கு அது தெரியாது. குளிர்ந்த பற்றரியோடு சார்ஜருக்குப் போய் 150 கிலோவாற் என்று எழுதிய பெட்டியில் 35 மட்டும் வருவதைப் பார்த்துப் பெட்டியைக் குறை சொல்வார்கள். சூடான பற்றரியில் 20இலிருந்து 80 வீதத்துக்கு அரை மணித்தியாலம் என்றால், குளிர்ந்ததில் ஒரு மணித்தியாலம் போகும்.

ஈ16 வழியில் என் திட்டம்: முதல் தரிப்பு ஃபாகர்னெஸ், ஏறத்தாழ 180 கிலோமீற்றர். காலைச் சாப்பாடு இங்கே. 90 வீதம்வரை போடுவேன். 80க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், மற்ற இடமென்றால் 80இல் கழற்றிவிடலாம், மலைக்கு முன் மட்டும் பொறுமையாக இருக்கவேண்டும். மலை தாண்டி லார்டாலில் இரண்டாவது. பிறகு 24.5 கிலோமீற்றர் நீளமான லார்டால் சுரங்கம், ஃபுலோம், குட்வாங்கன், வொஸ். வொஸ்ஸில் 20 நிமிடம் போட்டால் பேர்கனுக்குத் தாராளமாகப் போதும், அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர்தான்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டாவது சார்ஜர் எது என்று முன்பே குறித்து வையுங்கள். பனி தள்ளாத சார்ஜர், திரை இறந்த சார்ஜர், வயர் விறைத்துப் போன சார்ஜர் எல்லாம் பார்த்திருக்கிறேன். கார் நிறைந்ததும் நகர்த்துங்கள். சில இடங்களில் சும்மா நின்றால் நிமிடக் கணக்கில் காசு, அதைவிடப் பின்னால் இன்னொரு குடும்பம் குளிரில் நிற்கிறது.

8. வரிசையில் மலை கடப்பது

கொலொனஷோரிங் என்று அறிவிப்புப் பலகையில் கண்டால் இதுதான்: தடைக்கம்பத்தில் கார்களைச் சேர்த்து, முன்னே பனி தள்ளும் லொறி போக, பின்னே எல்லாரும் வரிசையாகப் போவது. காத்திருப்பு அரை மணித்தியாலமும் ஆகலாம், பல மணித்தியாலமும் ஆகலாம். பொருத்தமில்லாத வாகனத்தைத் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. சார்ஜ் குறைவாக இருந்தால் நீங்களாகவே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வரிசையில் சேருமுன் ஜக்கெற், சப்பாத்துப் போட்டிருக்கவேண்டும். முன்விளக்கைக் கையால் போடுங்கள், தானியங்கி நிலையில் சில கார்களில் பின்விளக்கு எரியாது. பின்புற மூடுபனி விளக்கும் எரியட்டும். முன்னால் உள்ள காரின் விளக்கைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். முந்தவும் கூடாது, திரும்பவும் கூடாது. நிற்க நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளேயே இருங்கள். கண்மூடித்தனமான பனிக்காற்றில் பத்து மீற்றர் நடந்தவர்களுக்குக்கூடத் தங்கள் கார் தெரியாமல் போகும்.

காத்திருக்கும்போது உள்வெப்பத்தை 17, 18க்குக் குறைத்துச் சீற் சூட்டைப் போடுங்கள். சீற் சூட்டுக்குப் போவது மிகக் கொஞ்சம். முழுதாக நிறுத்தவேண்டாம், கண்ணாடி பனிபிடித்துவிடும். இந்த இடத்தில் மின்காருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பெற்றோல் காரின் புகைக்குழாயைப் பனி மூடினால் நச்சுப்புகை உள்ளே வரும். நமக்கு அந்தப் பயம் இல்லை.

தடைக்கம்பத்தில் காத்திருக்கும்போதே உங்கள் கணக்கில் வைத்த 20 வீதம் கரைந்துவிட்டால், வரிசையில் சேராமல் திரும்புங்கள். "இன்னும் பத்து நிமிடத்தில் திறப்பார்கள்" என்று பக்கத்துக் காரில் யாராவது சொல்வார். எனக்கும் சொன்னார்கள்.

9. இறக்கம்

இறங்கும்போது கார் தானே மின்சாரம் சேர்த்துக்கொள்ளும் (மீள்சார்ஜ்) என்பது உண்மை. ஆனால் குளிர்ந்த, நிறைந்த பற்றரி அதை ஏற்காது. வழமையாகக் காலை எடுத்ததும் இழுத்துப் பிடிக்கும் கார் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு மாறாக, பின்சில்லு இயக்கும் கார்களில் பலமான மீள்சார்ஜ் உறைபனி வளைவில் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். இறக்கத்தில் மீள்சார்ஜைக் குறைந்த நிலையில் வைத்துக் கால் பிரேக்கை மெதுவாகப் பாவியுங்கள். வேகக் கட்டுப்பாட்டுத் தானியங்கியை நிறுத்திவிடுங்கள். ஃபிலஃபியெலில் இருந்து லார்டாலுக்கு இறங்கும் பாதையில் இதற்கு அவசரம் வேண்டாம், பின்னால் வருபவருக்கு ஒதுங்கி வழி விடலாம்.

10. செலவும் போய்ச் சேர்ந்த இரவும்

ஒரு வழிக்கு ஏறத்தாழ 120 யூனிற். அதில் பாதிக்குச் சற்றுக் குறைய வீட்டில் போட்டது. மீதி 65 யூனிற்றுக்கு வேகச் சார்ஜரில் யூனிற்றுக்கு 5 முதல் 7 குரோனர் கொடுத்தேன், ஏறத்தாழ 400 குரோனர். ஒரே சார்ஜரில் செயலி விலை ஒன்று, பதிவில்லாமல் வருபவருக்கு வேறொன்று. மூன்றாம் படியைத் தவறவிட்டவர்கள் கூடக் கொடுப்பார்கள். வீதிக் கட்டணம் தனி. வழியில் மலைமேல் ஓர் இரவு தங்கும் காசையும் ஒதுக்கி வையுங்கள். பாதை மூடினால் அறைகள் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், ஆகவே மூடப்போகிறது என்று கேட்டவுடனேயே போன் எடுத்துப் பதியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உறவினர் வீட்டுச் சுவர்ப் பொருத்தியில் வயரைக் குத்திவிட்டுத் தூங்குவது எல்லாருக்கும் வரும் ஆசை. சாதாரணப் பொருத்தி 2 கிலோவாற்றுக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். பத்து மணித்தியாலத்தில் 20 யூனிற். பழைய வீடுகளில் அது பல மணித்தியாலம் தொடர்ந்து இழுத்தால் சூடாகிக் கருகலாம். நீட்டிப்பு வயர் போடவே கூடாது. வீட்டுச் சார்ஜர் உள்ள அயலவரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரும் வழியிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். பேர்கனில் மழைதான் பெய்துகொண்டிருக்கும், பாதையெல்லாம் கறுப்பாக, ஈரமாக, குளிர்காலம் முடிந்துவிட்டதுபோலத் தெரியும். திரும்பிப் போகும் காலையில் அந்த மழையைப் பார்த்து முடிவெடுக்காமல், மலையில் என்ன நிலை என்று மறுபடி 175க்கு எடுத்துக் கேளுங்கள். லார்டாலில் 90 வீதம்வரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.